மூன்றாவது சிலிண்டரின் போல்ட்

1

போளூரிலிருந்து யார் போன் செய்தாலும் கடைசியில் ஒரு கேள்வி வரும். "இன்னும் அந்த ரேஸ் வண்டிக் கடையிலதான் கீறியா?" ஆமாம் என்பேன். "அந்த வண்டிய ரோட்ல ஓட்டக்கூடாதாமே?" அதற்கும் ஆமாம் என்பேன். அதற்கு மேல் அவர்களுக்குக் கேட்க ஒன்றும் இருக்காது, எனக்கும் சொல்ல வராது. பெங்களூர் ஒன்றும் கடல் கடந்த தேசம் இல்லை. காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு ஊரில் இருக்கலாம். ஆனாலும் பத்தொன்பது வருடமாக நான் இங்கே என்னதான் செய்கிறேன் என்று என் சொந்த அண்ணனுக்கே புரியவைக்க முடிந்ததில்லை. இந்த வருடம் நடந்த ஒன்றைச் சொன்னால் புரியலாம் என்று தோன்றுகிறது.

வீடு விவேக் நகரில். வேலை செய்யும் ஷெட் ஆனேக்கல் பக்கம். ஸ்கூட்டரில் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஷெட்டின் சொந்தக்காரர் நாகராஜ், கன்னடக்காரர், என்னைவிட ஆறு வயது மூத்தவர், என்னோடு பழகித் தமிழும் பேசுவார். எஞ்சின் என் பொறுப்பு. கியர், டயர், மற்றதெல்லாம் அவர் பொறுப்பு. நாங்கள் தயார் செய்யும் வண்டிகள் டிராக் ரேஸில் ஓடுபவை. வளைவே இல்லாத நேர்ப்பாதையில், கால் மைல் தூரத்தை யார் முதலில் கடக்கிறார்கள் என்பதுதான் பந்தயம். பதினோரு விநாடியில் எல்லாம் முடிந்துவிடும். அந்தப் பதினோரு விநாடிக்காக நாங்கள் மாதக்கணக்கில் வேலை செய்வோம்.

எங்களிடம் வரும் வண்டிகளில் லவினாவின் வண்டிதான் எனக்குப் பிடித்தது. பழைய ஜப்பான் கார். லவினா கோலார் தங்கவயல் பெண். தாத்தா சுரங்கத்தில் இறங்கியவர். சுரங்கம் மூடிய பிறகு அப்பா தினமும் ரயிலில் பெங்களூர் வந்து வேலை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர். லவினா அம்மாவோடு இங்கேயே தங்கி, சாப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறாள், முப்பத்தொரு வயது. அந்தக் காலத்தில் நம் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்குப் போன குடும்பம் என்பதால் பேச்சு அப்படியே நம் பேச்சு. முதல் நாள் ஷெட்டுக்குள் வந்து, "இன்னாண்ணா, எஞ்சின் பாப்பீங்களா?" என்று கேட்டபோது செங்கம், போளூர்ப் பக்கத்துப் பெண் என்றே நினைத்தேன்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நகரத்துக்கு வெளியே ஒரு தனியார் விமான ஓடுபாதையில் பந்தயம் நடந்தது. லவினாவுக்கு அன்று அது மூன்றாவது ஓட்டம். புது டயர் போட்டிருந்தோம். வண்டி கிளம்பிய விதத்தைப் பார்த்து நாகராஜ் என் தோளில் குத்தினார், அவ்வளவு சந்தோஷம். முந்நூறு மீட்டர் போயிருக்கும். இரும்புத் தகட்டில் சம்மட்டியால் அடித்தது போல ஒரே ஒரு சத்தம். வெள்ளைப் புகை கிளம்பியது. எஞ்சினிலிருந்து கொட்டிய ஆயிலிலேயே அதன் பின் டயர்கள் ஏறி, வண்டி இரண்டு சுற்றுச் சுற்றி, ஓரத்தில் அடுக்கியிருந்த டயர்ச் சுவரில் மோதி நின்றது. பானெட்டுக்குக் கீழே நெருப்பு தெரிந்தது. தீயணைப்புக்காரர்கள் போய்ச் சேர்வதற்குள் லவினா தானாகவே கதவைத் திறந்து இறங்கி, ஒரு கையைத் தூக்கிக் காட்டினாள்.

பெல்ட் அழுத்திய இடது தோள் வீங்கியிருந்தது. அதைத் தவிர அவளுக்கு ஒன்றுமில்லை. எஞ்சினின் உடம்பான பிளாக்கில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது, அதன் வழியாகத் தரை தெரிந்தது.

எல்லோரும் அவளை நோக்கி ஓடினார்கள். நானும் ஓடினேன். ஓடும்போதே எனக்குள் ஒன்று சொல்லிற்று: மூணாவது சிலிண்டர்.

2

ஏன் அப்படித் தோன்றியது என்று சொல்ல வேண்டும்.

மேலும் கீழும் ஓடும் பிஸ்டனையும் அதனால் சுழலும் கிராங்கையும் இணைப்பது கனெக்டிங் ராட். அதன் கீழ்முனை இரண்டு பாதிகளாகப் பிரியும் ஒரு வளையம். கிராங்கைக் கவ்விப் பிடித்ததும் இரண்டு போல்ட் போட்டு அந்த வளையத்தை மூடுவோம். நாலு சிலிண்டருக்கு எட்டு போல்ட். ஒவ்வொன்றையும் அளவு காட்டும் ஸ்பேனரால் இத்தனைதான் என்று கணக்காக முறுக்க வேண்டும். ஒன்று தளர்ந்தாலும் வளையம் பிளந்து, ராட் பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். பந்தயத்தில் வந்தது போலவே.

அந்தப் பந்தயத்துக்கு இரண்டு மாதம் முன்னால் அந்த எஞ்சினைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது சிலிண்டரில் ஒரு போல்ட் முடிந்து இரண்டாவதில் ஸ்பேனரை வைக்கும்போது போன் அடித்தது. என் மகள் யாழினி. ஒன்பதாவது படிக்கிறாள்.

"அப்பா, லாங்குவேஜ் ஃபார்ம் இன்னிக்கே குடுக்கணுமாம். நான் கன்னடாவே எடுத்துக்கறேன். நீங்க சைன் போடணும்."

"தமிழ் இன்னா ஆச்சு?"

"தமிழ் மிஸ் போயிட்டாங்கப்பா. தமிழ்தான் வேணும்னா வாரத்துல மூணு நாள் வேற பிராஞ்ச்சுக்குப் போகணும். எனக்குக் கன்னடா நல்லா வருது."

"எல்லாம் நல்லா வரும். உங்க தாத்தாவுக்கு ஒரு லெட்டர் எழுதத் தெரியுமா உனக்கு?"

"தாத்தாவுக்கு யாருப்பா லெட்டர் எழுதறாங்க? வீடியோ கால்தான பண்றோம்?"

அதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "போளூர்ல போயி நீ யார் வூட்டுப் பொண்ணுன்னு கேட்டா கன்னடத்துல சொல்லு, போ," என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். திரும்பி வந்து ஸ்பேனரை எடுத்தேன். எடுத்து எங்கே வைத்தேன்? மூன்றாவதின் இரண்டாவது போல்ட்டிலா, நாலாவதின் முதல் போல்ட்டிலா? தெரியவில்லை. வேலை முடிந்ததும் முறுக்கியதற்கு அடையாளமாக ஒவ்வொரு போல்ட்டிலும் வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு இழுப்பேன். எட்டுக் கோடும் இழுத்தது நினைவிருக்கிறது. ஆனால் கோபமாக இருக்கும்போது கை தன் பாட்டுக்குக் கோடு இழுக்கும், அதை நம்ப முடியாது.

எஞ்சினை மூடும்போது அந்தச் சந்தேகம் இல்லை. அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் வந்தது. வந்தது போகவில்லை.

3

இதைப் படிக்கும் சிலருக்கு அந்த மினிபஸ் நினைவிருக்கும்.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. போளூர் பைபாஸ் ஓரம் லாரிப் பட்டறையில் இருந்தேன். ஒரு மினிபஸ்ஸின் எஞ்சினைக் கழற்றி மாட்டிக் கொடுத்தேன். நாலாம் நாள் அது சேத்துப்பட்டு ரோட்டில், உள்ளே நாற்பது பேரோடு, எஞ்சின் இறுகிப் பிடித்து நின்றுவிட்டது. யாருக்கும் காயமில்லை. பஸ் முதலாளி பட்டறைக்கு வந்து, பஸ் ஸ்டாண்டு ஜனம் வேடிக்கை பார்க்க, நான் ஒரு நட்டை முறுக்காமல் விட்டுவிட்டேன் என்று கத்தினார். "தெறந்து பாருங்க," என்றேன். யாரும் திறக்கவில்லை. எஞ்சின் இரும்புக் கடைக்குப் போயிற்று. அதற்குப் பிறகு டீக்கடையில் எனக்கு 'நட்டு ஏழுமலை' என்று பேர். அடுத்த மாதமே பெங்களூர் பஸ் ஏறினேன். நல்ல வேலை கிடைத்துப் போனதாகத்தான் வீட்டில் எல்லோரிடமும் சொன்னார்கள்.

இங்கே வந்த முதல் வாரத்தில் நாகராஜ் ஒரு வண்டியைக் காட்டி ஏன் நின்றது என்று கேட்டார். அரைகுறைக் கன்னடத்தில், "எண்ணெ இல்லா, அதக்கே நிந்தோய்து" என்றேன். எண்ணெய் இல்லை, அதனால் நின்றுவிட்டது என்று அர்த்தம். ஷெட்டே சிரித்தது. இந்த ஊரில் 'எண்ணெ' என்றால் சாராயம் என்றும் ஒரு பொருள் இருப்பது எனக்குத் தெரியாது. நாகராஜும் சிரித்தார். ஆனால் சிரித்து முடித்ததும் அந்த எஞ்சினைத் திறந்து பார்த்தார். நான் சொன்னதுதான் சரியாக இருந்தது. அன்றைக்கே அவரிடம் தங்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

4

விபத்து நடந்து ஒன்பது நாள் கழித்துப் பந்தயம் நடத்துபவர்களிடமிருந்து ஒரு படிவம் வந்தது. அந்த வண்டி மறுபடி ஓட வேண்டுமானால் அதை நிரப்பித் தர வேண்டும். எஞ்சின் உடைந்த காரணம் என்ன என்று ஒரு கட்டம். அதற்குக் கீழே, தயார் செய்த மெக்கானிக்கின் கையெழுத்து.

எஞ்சினைக் கழற்றி மூலையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தோம். லவினா தோளில் கட்டோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நாகராஜ் பேனாவை என்னிடம் நீட்டினார்.

"மெக்கானிக்கல் ஃபெயிலியர்னு பரி குரு. ஆய்த்து." பரி என்றால் எழுது, குரு என்பது நம் 'தலைவா' மாதிரி. ஆய்த்து என்றால் முடிந்தது.

நான் பேனாவை வாங்கினேன். எழுதியிருந்தால் முடிந்திருக்கும். அந்த எஞ்சினைத் திறக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை. பிளாக் உடைந்த எஞ்சினை அப்படியே தூக்கி எறிந்துவிட்டு வேறு எஞ்சின் போடுகிறவர்கள்தான் அதிகம்.

"லவினா, ஒண்ணு சொல்லணும்மா," என்றேன். "மூணாவது ராடுல ஒரு போல்ட்டு. அத நான் முறுக்கினேனா இல்லையான்னு எனக்குத் தெரியல."

"இன்னாண்ணா சொல்றீங்க?"

"நடுவுல ஒரு போன் வந்துச்சு. பொண்ணுகூட சண்ட. திரும்பி வந்து எதுல கை வச்சேன்னு ஞாபகம் இல்ல."

அவள் என்னைப் பார்க்கவில்லை, தார்ப்பாயைப் பார்த்தாள்.

"உள்ள நான் உக்காந்துகினு இருந்தேண்ணா," என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்து, கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வெளியே போய் ஆட்டோ ஏறிவிட்டாள்.

நாகராஜ் கத்தினார். "தெரியாத விஷயத்த எதுக்குச் சொன்ன? தெறந்து பாத்துட்டுச் சொல்லியிருக்கலாம். இல்ல, எங்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாம்."

"அதுல உக்காந்து ஓட்டினது அவதானே?" என்றேன்.

படிவத்தை மடித்து மேஜை இழுப்பறையில் போட்டார்.

5

பதினோரு நாள் லவினாவிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. நான் இரண்டு முறை மெசேஜ் எழுதி, அனுப்பாமல் அழித்தேன். வேறு வண்டிகளின் வேலை நடந்தது. தார்ப்பாய் இருந்த மூலைப் பக்கம் நான் போகவில்லை, நாகராஜும் போகவில்லை. திறந்தால் தெரிந்துவிடும். இருபத்தைந்து வயதில் திறக்கச் சொல்லிக் கெஞ்சியவன், இப்போது திறக்கப் பயந்தேன்.

நாகராஜ் அந்த நாட்களில் என்னிடம் வேலைக்கு வேண்டிய பேச்சு மட்டும் பேசினார். மத்தியானம் ஒன்றாகத்தான் சாப்பிட்டோம், தட்டைப் பார்த்துக்கொண்டு. நான் முறுக்கிய போல்ட்டுகளை அவர் மறுபடி ஒருமுறை தொட்டுப் பார்க்கிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். நேரில் பார்க்கவில்லை. பார்த்துவிடுவேனோ என்று நானே வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

வீட்டில் மனைவி மலரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், போன் வந்ததையும் சேர்த்து. எங்கள் வீடு இரண்டு அறை. நடுச்சுவர் மெல்லியது.

மறுநாளிலிருந்து யாழினி எனக்குப் போன் செய்வதில்லை. பால் வாங்கி வரச் சொல்வதானாலும் மெசேஜ்தான். மூன்றாம் நாள் காலை, நான் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, பள்ளிச் சீருடையோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"அப்பா, நான் அன்னிக்குப் போன் பண்ணதாலதான் அந்த அக்காவுக்கு ஆக்சிடென்ட் ஆச்சா?"

"இல்லம்மா," என்றேன். ஆனால் உடனே சொல்லவில்லை. ஒரு மூச்சு தாமதமாகிவிட்டது. அந்தத் தாமதத்தை அவள் கவனித்துவிட்டாள். தலையை ஆட்டிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். கத்தியது நான். கன்னடம் படிக்கிறாள் என்று ஊர்ப் பேரைச் சொல்லி அவளைக் குத்தியதும் நான்தான். சுமை மட்டும் பதினாலு வயதுப் பெண்ணின் முதுகில் ஏறியிருந்தது.

6

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு லவினா வந்தாள். தோள்கட்டு இல்லை. லேப்டாப் பையும், புதிதாக வாங்கிய ஒரு ஜோடிக் கையுறையும் வைத்திருந்தாள்.

"தெறக்கலாம்ணா," என்றாள். "நீங்களே தெறங்க. நான் பக்கத்துல நின்னு பாக்கறேன்."

எஞ்சினைச் சங்கிலியில் தூக்கி ஸ்டாண்டில் மாட்டினோம். மிச்சமிருந்த ஆயிலை வடித்தபோது அது வெள்ளித்தூள் கலந்ததுபோல் மினுங்கிற்று. உள்ளே அரைபட்ட உலோகம். மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினேன். மூன்றாவது சிலிண்டரில் பிஸ்டன் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. எஞ்சினைத் தலைகீழாகத் திருப்பி, ஆயில் தேங்கும் சேம்பரைக் கழற்றினேன். அதில் அலுமினியத் துண்டுகளும், முறிந்த ராடின் தண்டும் கிடந்தன.

நான் முதலாவது ராடில் ஸ்பேனரை வைத்தேன்.

"ஏண்ணா அங்க ஆரம்பிக்கிறீங்க?" என்றாள் லவினா.

"வரிசையா பாக்கலாம்மா."

"மூணாவத முதல்ல பாருங்க."

நாகராஜ் டார்ச்சைப் பிடித்தார். குனிந்து பார்த்தேன். கிராங்கைக் கவ்விய வளையம் அங்கேயே இருந்தது. வெந்து, நீலமும் கறுப்புமாக நிறம் மாறி, கிராங்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ராட் முறிந்திருந்தது வளையத்துக்கு இரண்டு விரற்கடை மேலே, தண்டில். வளையம் பிளக்கவில்லை. இரண்டு போல்ட்டும் அதனதன் இடத்தில் இருந்தன. நான் இழுத்த வெள்ளைக் கோடுகள் கருகிப் புகையாகிவிட்டன, அவற்றைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. ஸ்பேனரை மாட்டி அழுத்தினேன். அசையவில்லை. கைப்பிடியில் ஒரு நீளக் குழாயைச் சொருகி, உடம்பு எடையைக் கொடுத்து அழுத்திய பிறகுதான் முனகிக்கொண்டு விட்டுக்கொடுத்தது. அடுத்ததும் அப்படியே.

"டைட்டாதான் இருந்துச்சா அப்ப?" என்றாள் லவினா.

நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன். நாகராஜ்தான் சொன்னார், "இரும்மா. சூட்டுல ஒட்டிகிட்டுக்கூட இருக்கலாம். மத்ததையும் பாக்கலாம்."

அவர் அப்படிச் சொன்னதற்கு இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன். என்னைக் காப்பாற்றும் அவசரத்தில் அவர் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஒன்று, இரண்டு, நாலு. மீதமிருந்த இந்த மூன்று ராடிலும் வளையத்துக்குள் இருக்கும் மெல்லிய பேரிங் தகடுகளை எடுத்துத் துணியில் வரிசையாக வைத்தேன். சாம்பல் நிறத்தில் வழவழப்பாக இருக்க வேண்டியவை. எல்லாவற்றிலும் மேல்பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தது. ஒரு போல்ட் தளர்ந்திருந்தால் ஒரு சிலிண்டர்தான் கெடும், மற்றவை நன்றாக இருக்கும். இங்கே நாலும் பட்டினி கிடந்திருந்தன. மூன்றாவது முதலில் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

"ஆயில் போவல," என்றேன். "எதுக்குமே ஆயில் போவல."

"கெளம்பும்போது சேம்பர் நெறைய ஆயில் இருந்துச்சே?" என்றார் நாகராஜ்.

லவினா லேப்டாப்பைத் திறந்தாள். வண்டியில் ஒரு சின்னப் பெட்டி எல்லா அளவுகளையும் பதிந்துகொண்டே இருக்கும், அந்தப் பதிவை லாக் என்போம். நாங்கள் எப்போதும் அதில் விநாடிக் கணக்கை மட்டும்தான் பார்ப்போம். அன்று அவள் ஆயில் அழுத்தத்தின் கோட்டைப் பெரிதாக்கிக் காட்டினாள். பழைய டயரில் ஓடிய ஓட்டங்களில் கோடு நேராக இருந்தது. புது டயர் போட்ட மூன்று ஓட்டங்களிலும், வண்டி கிளம்பும் கணத்தில் கோடு கீழே விழுந்து, தரையோடு ஊர்ந்து, பிறகு எழுந்தது.

மூன்று பேரும் அதையே பார்த்தோம். புது டயர் தரையை அவ்வளவு கெட்டியாகப் பிடித்திருக்கிறது. வண்டி பாய்ந்த வேகத்தில் சேம்பரிலிருந்த ஆயிலெல்லாம் பின்பக்கம் ஏறிவிட்டது. ஆயிலை உறிஞ்சும் குழாய் முன்பக்கம் இருந்தது. ஒவ்வொரு முறையும் அது காற்றைத்தான் உறிஞ்சியிருக்கிறது. வண்டி முன்னெப்போதையும்விட நன்றாகக் கிளம்பியதே அதை உடைத்திருக்கிறது.

"டயர் நான் சொன்னது," என்றார் நாகராஜ் மெதுவாக.

"லாக் எங்கிட்டதான் இருந்துச்சு," என்றாள் லவினா. "மொத ஓட்டத்துக்கப்புறமே பாத்திருக்கணும். டைம் நல்லா வந்துச்சுன்னு விட்டுட்டேன்."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கையெல்லாம் ஆயிலோடு முகத்தைப் பொத்திக்கொண்டேன். மூன்று வாரமாக நெஞ்சில் கட்டிக்கொண்டிருந்தது அந்த நேரத்தில் அவிழ்ந்தது. லவினா என் பக்கத்தில் குந்தி, "ஏந்திரிங்கண்ணா. மூஞ்செல்லாம் கரி," என்றாள்.

"பாவம், எண்ணெ கெடைக்காம செத்திருக்கு," என்றார் நாகராஜ். மூவரும் சிரித்தோம். சிரிக்கிற அளவுக்கு அது பெரிய வேடிக்கை இல்லை. ஆனால் நிறுத்த முடியவில்லை.

அந்த மினிபஸ் எஞ்சின் ஏன் பிடித்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. அன்று நான் அந்த நட்டை விட்டிருக்கலாம். விடாமலும் இருந்திருக்கலாம். அதைப் பற்றி இனிமேல் யாரிடமும் சத்தியம் செய்யப் போவதில்லை.

கையைக் கழுவிக்கொண்டு யாழினிக்குப் போன் செய்தேன். "நீ காரணம் இல்லம்மா. தெறந்து பாத்துட்டோம். ஆயில் போவல, அதான்." அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"நெஜமாவா?"

"நெஜமா. அன்னிக்கு நான் உன்ன அப்படிப் பேசியிருக்கக் கூடாது. தப்பு என் பேர்ல."

"அப்ப இனிமே நீங்க ஷெட்ல இருக்கும்போது கூப்பிடலாமா?"

"ஒரு மணிக்கு மேல கூப்பிடு. சாப்பாட்டு நேரம்," என்றேன்.

"சரி," என்றவள், வைப்பதற்கு முன்னால், "அந்த அக்கா அங்கதான் இருக்காங்களா? ஸாரி சொல்லுங்க," என்றாள். எதற்கு ஸாரி என்று நான் கேட்கவில்லை. சொல்லிவிட்டேன்.

7

கழற்றிப் பார்க்க ஒரு காலைப் பொழுது. திரும்பச் சேர்க்க ஏழு வாரம்.

பழைய எஞ்சின் விற்கும் இடத்தில் அதே வகைப் பிளாக் ஒன்று கிடைத்தது. துளைகளைப் புதிய பிஸ்டனுக்கு ஏற்றபடி கடைந்து, உள்சுவரைத் தேய்த்து வாங்கினோம். கிராங்க் வேறு. அதில் கண்ணுக்குத் தெரியாத கீறல் உண்டா என்று சோதித்தோம். ஆயில் போகும் துவாரங்கள் ஒவ்வொன்றையும் மெல்லிய பிரஷ் விட்டு மூன்று முறை கழுவினேன். ஆயிலைக் குளிரவைக்கும் ரேடியேட்டரைத் தூக்கி எறிந்தோம், அதன் மடிப்புகளில் ஒளிந்த உலோகத்தூளை எப்படியும் எடுக்க முடியாது.

சேம்பரை நாகராஜ் வெட்டி ஆழப்படுத்தி, உள்ளே தடுப்புகள் வைத்து வெல்டிங் செய்தார். தடுப்புகளில் ஒரு பக்கம் மட்டும் திறக்கும் சின்னக் கதவுகள். ஆயில் குழாய்ப் பக்கம் வரலாம், விட்டு ஓட முடியாது. குழாயையும் பின்னுக்கு நகர்த்தினோம். அதைச் சோதிக்க, கேசரிப் பவுடர் கரைத்த தண்ணீரை ஊற்றி, இரண்டு பேர் பிடித்து ஊஞ்சல்போல் ஆட்டிப் பார்த்தோம். நாகராஜின் வெள்ளைச் சட்டை போனதைத் தவிர எல்லாம் நன்றாகவே நடந்தது.

போல்ட் முறுக்கும் நாளில் ஒரு புது முறை வைத்துக்கொண்டோம். என் போன் ஸ்கூட்டர் பெட்டிக்குள். நான் முறுக்குவேன், லவினா அளவைச் சத்தமாகப் படிப்பாள், அதைக் கேட்ட பிறகு நாகராஜ் எண்ணிக்கை சொல்லிப் பெயின்ட் வைப்பார். அவர் கன்னடத்தில் எண்ணினார். ஒந்து, எரடு, மூரு. என் பேரை அவர் எப்போதும் 'ஏளு' என்று சுருக்கித்தான் கூப்பிடுவார். கன்னடத்தில் ஏழுக்கும் ஏளு, எழுந்திரு என்பதற்கும் ஏளு. ஏழாவது போல்ட்டில் அவர் "ஏளு" என்றதும் நான் ஸ்பேனரோடு எழுந்து நின்றுவிட்டேன். லவினாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தப் போல்ட்டை மட்டும் மறுபடி முதலிலிருந்து அளந்தோம்.

முதலில் ஸ்பார்க் பிளக் இல்லாமலே எஞ்சினைச் சுற்றவிட்டோம். ஆயில் அழுத்தத்தின் முள் நடுங்கி, மெல்ல மேலே ஏறி நின்றது. பிறகு பிளக் மாட்டி ஸ்டார்ட் செய்தபோது இரண்டு இருமல், அப்புறம் ஒரே சீரான சத்தம். நாகராஜ் வாசல் கேட்டுக்குப் போய், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

இழுப்பறையிலிருந்து படிவத்தை எடுத்தேன். காரணம் என்ற கட்டத்தில், வேகத்தில் ஆயில் பின்னுக்குப் போனது, சேம்பர் மாற்றி அமைக்கப்பட்டது என்று எழுதி, லவினாவை ஆங்கிலம் திருத்தச் சொன்னேன். கையெழுத்துப் போட்டேன். நிரந்தர முகவரி என்று ஒரு வரி இருந்தது. எந்தப் படிவத்திலும் அந்த இடத்தில் என் பேனா ஒரு நிமிஷம் நிற்கும், பிறகு போளூர் என்று எழுதும். இந்த முறை நிரப்பிக் கொடுத்து வெகு நேரம் கழித்துத்தான், விவேக் நகர் என்று எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது.

8

மறுபடி அதே ஓடுபாதை. படிவத்தைப் பார்த்த அதிகாரி சேம்பரைக் குனிந்து பார்த்து, இரண்டு கேள்வி கேட்டு, முத்திரை குத்தினார்.

முதல் ஓட்டத்தில் வண்டி அழகாகக் கிளம்பியது. ஆனால் முந்நூறு மீட்டர் பக்கத்தில் சத்தம் இறங்கிவிட்டது. லவினா மெதுவாகத் திருப்பிக்கொண்டு வந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"எஞ்சினுக்கு ஒண்ணுமில்லண்ணா. அந்த எடம் வந்ததும் காலு தானா எடுத்துகிச்சு."

லேப்டாப்பைத் திறந்து ஆயில் அழுத்தத்தின் கோட்டைப் பார்த்தோம். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை நேராக இருந்தது. அவள் அதை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். தண்ணீர் குடித்தாள். நான் பானெட்டைத் திறந்து தொட வேண்டியதை எல்லாம் ஒருமுறை தொட்டேன்.

இரண்டாவது ஓட்டத்தில் அந்த இடம் வந்தது. சத்தம் இறங்கவில்லை. கடைசிக் கோட்டைத் தாண்டி, பாதையின் முனைவரை அது ஒரே குரலில் போய்த் தேய்ந்தது. திரும்பி வந்ததும், இன்னும் ஒரு ஓட்டம் பாக்கி இருக்கிறது என்றார் நாகராஜ்.

"இன்னிக்குப் போதும்ணா," என்றாள் லவினா. "நல்லா இருக்கு. இப்படியே வூட்டுக்கு எடுத்துகினு போலாம்."

மூன்று மணிக்கு வண்டியை டிரெய்லரில் ஏற்றிக் கட்டினோம். பிக்கப்பை நான் ஓட்டினேன். நடுவில் நாகராஜ், ஜன்னல் ஓரத்தில் லவினா. நெடுஞ்சாலையில் ஏறிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, அவள் தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்துவிட்டது. வெயில் முகத்தில் நேராக அடித்தும் எழுந்திருக்கவில்லை. மடியில் அவள் போன் அடித்தது. அம்மா என்று இருந்தது. நாகராஜ் எடுத்தார்.

"நாகராஜ் பேசறேம்மா. எல்லாம் நல்லா ஆச்சு. ஒண்ணுமில்ல, லவினா தூங்குது."

சத்தம் வெளியே கேட்டது. "தூங்கறாளா?" என்றார் அந்த அம்மா. பிறகு மறுபடியும், நம்பாததுபோல, "நெஜமாவே தூங்கறாளாப்பா? அன்னியிலேருந்து நல்லா தூங்கி நான் பாக்கல."

"ஆமாம்மா. நல்லா தூங்குது."

"எழுப்பாதீங்க," என்றார். "மெதுவா வாங்க. அவசரம் இல்ல."

ஆனேக்கல் பக்கம் திரும்பும் இடத்தில் வரிசையாக மூன்று வேகத்தடை. நான் வண்டியை முதல் கியருக்குக் கொண்டுவந்தேன். பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்தான். நான் கையை வெளியே நீட்டி, எங்களைத் தாண்டிப் போகும்படி காட்டினேன்.